மணி அடித்தால்தான் நிற்கும்

பூங்காவின் குதிரை ராட்டினத்தை அறுத்து எடைக்கு எடுத்துப்போக, பழைய இரும்பு வியாபாரி கேஸ் கட்டரோடு வந்தபோது அது சுற்றிக்கொண்டிருந்தது. ஏறியிருந்தது ஒரே ஆள். டிக்கெட் கிழிக்கும் பிலோமினா, காது உடைந்த இரும்புக் குதிரை ஒன்றில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நிறுத்துடா!” என்று முதலாளி கத்தினார்.

சுவிட்சை முதுகால் மறைத்து நின்ற, ராட்டினம் ஓட்டும் மரியசூசை நகரவில்லை. “மணி அடிக்கட்டும் மொதலாளி. ஆள் இருக்கும்போது மணிச் சத்தம் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இருபத்தாறு வருசத்துல ஒரு பிள்ள விழுந்ததில்ல.”

முதலாளி ஓடிப்போய் மணிக்கயிற்றை இழுத்தார். மணி ஆடியது, சத்தம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தார். உள்ளே நாக்கைக் காணோம்.

“ஏட்டி பிலோமி, எறங்கு!”

குதிரை அவரைக் கடந்து போனது. அடுத்த சுற்றில் பிலோமினா மூடியிருந்த கையை விரித்து, அந்தப் பித்தளை நாக்கை எல்லோருக்கும் காட்டினாள். பிறகு இறுக மூடிக்கொண்டு, தராசை இறக்கிக்கொண்டிருந்த வியாபாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, நின்னாத்தான இது இரும்பு?”