அரை மணி தூரம்

மஸ்கட்டிலிருந்து திருச்சிக்குப் புதிதாக வந்த அதிவேக விமானத்தில் இப்போது அரை மணி நேரம்தான். அதனால் அம்மா இறந்ததற்கு மலையரசனுக்குக் கம்பெனி ஆறு மணி நேர விடுப்புதான் கொடுத்தது.

திருச்சியில் இறங்கிப் பஸ் பிடித்தான். அறந்தாங்கி தாண்டி அவன் ஊருக்குப் போக இன்னும் அதே இரண்டரை மணி நேரம். கீரனூரில் பஸ் பழுதாகி நின்றது. சித்தப்பாவை அழைத்தான்.

"பஸ் நின்னுபோச்சு சித்தப்பா. அம்மாவ ஐஸ் பெட்டியில வச்சிருங்க, வந்துடறேன்."

"ஐஸ் பெட்டிக்கு இப்ப எங்கடா போறது? வெளிநாட்டுப் புள்ளைக்காக ரெண்டு நாள் போட்டு வச்சிருந்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு. அரை மணில வர்றவன், கீரனூர்ல நிக்கிறேன்னு கதை விடுற. வர மனசில்லன்னு சொல்லு. எம்மவன் கொள்ளி வச்சிருவான்."

அடுத்த பஸ் வர மூன்று மணி நேரமானது; அதற்குள் எரித்துவிட்டதாகச் செய்தி வந்தது. விடுப்பும் முடியப் போகிறது. மலையரசன் சாலையைக் கடந்து திருச்சி பஸ்ஸில் ஏறினான்.

மஸ்கட்டில் வேலைக்குப் போய் நின்றபோது, தஞ்சாவூர்க்கார மேஸ்திரி அவன் தலையை உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மொட்டையக் காணோம்? செத்தது உங்கம்மாதானா, இல்ல லீவுக்காக நீயே சாகடிச்சியா?"

மலையரசன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.