பொக்கைவாய் உளி

திங்கட்கிழமை என் உளி காணாமல் போனது. அதன் வாயில் சின்னப் பொக்கை. எந்தக் கல்லைச் செதுக்கினாலும் ஒவ்வொரு வெட்டிலும் மயிரிழையாக ஒரு வரி எழும். கூட வேலை செய்யும் தூர்லைவ்தான் எடுத்திருப்பான். எங்கள் நார்வேப் பேராலயப் பட்டறையில் அவன் செதுக்கிய புதுக் கற்களையெல்லாம் தடவிப் பார்த்தேன். வரி இல்லை.

“என் கல்லுல என்னடா தேடுற?” என்றான், சீஸ் ரொட்டியை மென்றபடி.

“ஒண்ணுமில்ல.”

மதியம் கோபுரத்தில் விரிசல் விட்ட கல்லை இருவரும் பெயர்த்தோம். எழுநூறு ஆண்டுகளாக யாரும் அசைக்காத கல். சுவருக்குள் புதைந்திருந்த அதன் பின்முகமெங்கும் அந்த வரி.

தூர்லைவ் தடவிப் பார்த்தான். பிறகு என்னிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றான்.

“இது உன் உளிடா. எப்ப செதுக்கின?”

மறுநாள் உளி என் மேசைக்குத் திரும்பியிருந்தது. ஒரு சாண் இரும்பு விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. தலைப்பக்கம் நான் போன வாரம் சுற்றிய பச்சை நாடா மட்டும் புதிதாகவே இருந்தது.