பூட்டிய வீட்டில் ஓடிய படம்

"பகல் பதினோரு மணிக்கு நம்ம வீட்டு டிவியில படம் ஓடியிருக்கு லாவண்யா!"

வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் பூபதி கத்தினான். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான்.

லாவண்யா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கார்மெண்ட்ஸில் அவளுக்கு வேலை. காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவாள். அதுவரை வீடு பூட்டித்தான் கிடக்கும்.

"பூட்டின வீட்டுல எப்படிங்க ஓடும்?"

"அதான் எனக்கும் புரியல. ஹால் டிவியில ஓடிட்டிருக்குன்னு போன்ல மெசேஜ் வந்துச்சு."

"முத்துமணியா இருக்கும். நீங்கதானே மச்சான்னு நெட்ல படம் பாக்கற பாஸ்வேர்டைக் குடுத்தீங்க?"

"உன் தம்பி பர்கூர் ஹாஸ்டல்ல உக்காந்து பாத்தா அவன் போனைத்தானே காட்டும்? நம்ம ஹால் டிவியை எதுக்குக் காட்டுது?"

"இதுக்குத்தான் டிஷ்ஷே இருக்கட்டும்னேன். கேட்டீங்களா?"

போன மாதம்தான் பூபதி அந்த டிஷ்ஷைக் கழற்றினான். மழை பெய்தால் படம் நின்றுவிடுகிறது, நெட்டில் நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்று அவனேதான் அடம்பிடித்தான். டிஷ்ஷில் இப்போது கீழ்வீட்டு முனிலட்சுமி மிளகாய் காயவைக்கிறாள்.

"ஆமா, டிஷ்ஷே தேவலாம். எவன் எப்பப் பாத்தாலும் வெளிய தெரியாது!"

கதவருகே போய்ப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூட்டு உடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் பாக்கெட்ல. இன்னொண்ணு?"

"என் பையில."

"யாருக்காச்சும் குடுத்தியா?"

"யாருக்குங்க குடுப்பேன்?"

"அதைத்தான் கேக்கறேன்."

லாவண்யாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அடுத்த காயை எடுத்தாள்.

"ஏனப்பா பூபதி, கீழ வரைக்கும் கேக்குது. என்ன சத்தம்?" என்றபடி வீட்டுக்காரம்மா முனிலட்சுமி படியேறி வந்தாள்.

"அக்கா, பகல்ல எங்க வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வர்லப்பா. டிவிதான் ஓடுச்சு. அடிதடி, அலறல்னு காலையில இருந்து ஒரே சண்டைப் படம். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த என் மருமகன் கண்ணை மூடல. நீதான் லீவு போட்டுட்டுப் படுத்திருக்கேன்னு திட்டிட்டிருந்தான்."

"நான் எதுக்குக்கா லீவு போடறேன்?" பூபதி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"மெசேஜ் பாத்த உடனே வண்டியை எடுத்துட்டு வந்திருக்கலாமேப்பா?"

"கம்பெனி லைன்ல நிக்கறவன் பாதியில வர முடியுமாக்கா?"

"அதுவும் சரிதான். எதுக்கும் பூட்டை மாத்திடு" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

பூபதி கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

"கல்யாணமாகி நாலு வருசம். ஒருநாள் உன்னைச் சந்தேகமா ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இன்னிக்குக் கேக்கறேன். உள்ள யாரு இருந்தா? பதில் வரலைன்னா நாளைக்கே உங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்."

"நான்தான் இருந்தேன்."

"நீயா? பஸ் ஏறுனதை என் கண்ணால பாத்தேனே!"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன்."

"கூட யாரு?"

"டிவிதான். ஒன்பது மணிக்குப் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் நிறுத்தல."

"ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு சண்டைப் படம் பாத்தியா? பைத்தியமாடி உனக்கு?"

லாவண்யா முறத்தை நகர்த்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு வாரமா நம்ம டிவி லிஸ்ட்டுல நான் போடாத படமெல்லாம் பாதி ஓடி நிக்குது. தம்பியைக் கேட்டேன். பரீட்சை நடக்குது, நான் எதையும் தொடலக்கான்னான். அதான் சோதிச்சுப் பாத்தேன். நம்ம சின்ன பிளான்ல ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் ஓடும். அந்த மெசேஜ் சும்மா வராதுங்க. அதே நேரத்துல இன்னொரு இடத்துல படம் போடறவங்களுக்குத்தான் வரும்."

பூபதி சுவரோரமாக நகர்ந்தான்.

"உங்க கம்பெனி வாசல்லயே போனை வாங்கி வெச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க" என்றவள், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க... வேலை போய் எத்தனை நாளாச்சு?"