டீச்சர் சிரித்துவிட்டார்

"மூஞ்சிய அப்படி உர்ருன்னு வெச்சிருந்தா எந்த மாப்பிள்ளைடி அவங்களக் கட்டிக்குவாரு?" என்றாள் ஷகிலா.

"மெதுவா பேசுடி. டீச்சர் வர்ற நேரம்," என்று பரிதா அவளைக் கிள்ளினாள்.

சகாயமேரி டீச்சர் பக்கத்து ஊரான இண்டூர்க்காரர். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஷகிலா காய்ச்சலில் கிடந்தபோது சைக்கிள் மிதித்து வீட்டுக்கே வந்து பார்த்தவர் அவர்தான். அவருக்கு நல்லது நடக்கவேண்டும் என்று ஷகிலாவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இன்னிக்கி அவங்களச் சிரிக்க வெக்கிறேன் பாரு."

மணி அடித்தது. டீச்சரின் பின்னால் ஒரு அம்மாளும் பெரியவரும் வந்து, கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்றார் ஹெட்மாஸ்டர். திருச்சியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் என்று ஆயா குள்ளம்மாள் காலையிலேயே போட்டு உடைத்திருந்தாள்.

"நம்ம மாவட்டத்துல என்னென்ன விளையுது? ஷகிலா, நீ சொல்லு."

கடைசி பெஞ்சிலிருந்து ஷகிலா எழுந்தாள். "ராகி, புளி, மாங்கா... அப்புறம் தொப்பூர் கணவாய்ல லாரிங்க டீச்சர்."

"என்னது?"

"மழை பேஞ்சா நல்ல வெளச்சலுங்க. போன மாசம் டெரிகாட்டன் துணி லாரி ஒண்ணு கவுந்துச்சு. இப்ப எங்க அத்தா, பக்கத்து வூட்டு மாதையன் மாமா, அவரு ஆட்டுக்குட்டி, எல்லாருக்கும் ஒரே பூப்போட்ட சட்டைங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் உதட்டைக் கடித்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. அதற்குமேல் முடியாமல் இந்தப் பக்கம் திரும்பி, கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஷகிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்தால் டீச்சர் எவ்வளவு அழகு. மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்திருப்பார் அல்லவா?

பார்த்துத்தான் இருந்தார். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார்.

"பல்லெல்லாம் காவியேறிக் கெடக்கு. இந்த ஊர்த் தண்ணி அப்படியாம். போட்டோவுல வாய மூடிக்கிட்டு ஏமாத்திட்டாங்க. வாங்கண்ணே, பஸ்ஸப் பிடிப்போம்," என்று பெரியவரிடம் முணுமுணுத்தார்.

வகுப்பு முழுக்க அதே காவிப் பற்களோடு இன்னும் சிரித்துக்கொண்டிருக்க, ஷகிலா மட்டும் தன் வாயை முதன்முதலாகக் கையால் பொத்திக்கொண்டாள்.