உறைய வைக்கலாமா?

“கொலைகாரனாவே இருக்கட்டுமே, அவனும் ஒரு உயிர்தானே? உடம்பை உறைய வெச்சுக் காப்பாத்துங்க. நாளைக்கு ஒரு நல்ல உலகம் அவனை எழுப்பட்டும், அவன் திருந்தி வாழட்டும்!”

மேடையில் ஷ்ருதி இரு கைகளையும் ஏந்திக் கெஞ்சி முடித்தாள். அரபு நாட்டு ருவைஸ் நகரத் தமிழர்கள் நிறைந்திருந்த அரங்கம் கைதட்டலில் அதிர, “எதைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்குதே இந்தப் பொண்ணு!” என்று பூரித்தார் நடுவர்.

கடைசி வரிசையில் உமாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்த உடம்பை உறைய வைத்துப் பின்னாளில் எழுப்பும் வசதி மரண தண்டனைக் கைதிக்கும் வேண்டுமா, வேண்டாமா என்பது பட்டிமன்றத் தலைப்பு. அந்த விஞ்ஞானமெல்லாம் பெரம்பலூர்க்காரிக்கு எங்கே விளங்கியது? ‘காப்பாத்துங்க’ என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் இங்கே கட்டட சைட்டில் நடந்த கைகலப்பில், அவள் புருஷன் பன்னீர்செல்வத்தின் கையால் செத்துப்போன எஞ்சினியர் பாலமுரளியின் ஒரே மகள்தான் ஷ்ருதி. இந்த நாட்டுச் சட்டப்படி, செத்தவரின் வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலும் பன்னீர்செல்வத்தின் தலை தப்பும். பாலமுரளியின் மனைவி முடியவே முடியாது என்றுவிட்டாள். மகளுக்குப் பதினெட்டு ஆகட்டும், அவளையும் கேட்போம் என்று கோர்ட்டு தண்டனையைத் தள்ளி வைத்திருந்தது. போன வாரம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது.

“பாய், இந்தப் புள்ள கட்டாயம் மன்னிச்சிரும் பாய்! அந்த மன்னிப்புப் பேப்பரைக் குடுங்க.”

“பொறும்மா, முறையா வக்கீலோட போய்க் கேப்போம்” என்றார் கூட வந்த சமூக சேவகர் முகம்மது சித்தீக்.

பொறுப்பதாவது! பறித்துக்கொண்டு ஓடினாள் உமாராணி. பரிசுக் கோப்பையோடு மேடைப் படியிறங்கிய ஷ்ருதியின் காலில் தடாலென்று விழுந்தாள்.

“தாயி, நான் பன்னீர்செல்வம் பொஞ்சாதி. நீ ஒரு கையெழுத்துப் போட்டா அவரு உசுரு பொழைக்கும். என்னால வேற ஒண்ணும் ஏலாது தாயி.”

ஷ்ருதியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு மடித்து உமாராணியின் கையிலேயே வைத்தாள்.

“எழுந்திருங்க ஆன்ட்டி, ப்ளீஸ். நான் ஸைன் பண்ண மாட்டேன்.”

உமாராணிக்கு ஒன்றுமே புரியவில்லை. “இப்பத்தானே தாயி அம்புட்டு உருகிப் பேசின? கொலைகாரனும் உசுருதான்னு நீதானே சொன்ன?”

“என்னை அந்த அணியில போட்டாங்க ஆன்ட்டி.”