ஊர் காலி

"ஊர் காலி சார்! ஒரு குஞ்சு குளுவான் பாக்கியில்ல" என்று மைக்கை அணைத்தார் மாரிக்கண்ணு.

"இல்ல சார். இன்னும் ஒரு வீடு பாக்கி" என்றாள் தாமரைச்செல்வி.

காரைக்கால் கடற்கரைக் குப்பம் ஒன்றில் அன்று புயல் ஒத்திகை. கடல் ஏறி வந்தால் நகரம் என்ன செய்யவேண்டும் என்று ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. இன்று வந்து சேர்ந்த குடும்பங்களுக்குத்தான் நாளைக்குப் புயலடித்தால் வேன், பாதுகாப்பு மையத்தில் இடம், பிறகு கோட்டுச்சேரிப் பக்கம் கட்டப்போகும் வீடு எல்லாம். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான மாரிக்கண்ணு பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு குடும்பமாக மையத்துக்குள் போயிருந்தது. தக்காளிச் சாதம் மணத்தது. குடும்பம் குடும்பமாக வட்டம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே நின்றது மூன்று பேர்தான். தலைவர், புதுச்சேரியிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ராஜ்மோகன், திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தாமரைச்செல்வி.

"எந்த வீடும்மா?" என்றார் ராஜ்மோகன்.

"கடைசி வரிசை சார். கருங்கல் கொட்டியிருக்காங்கள்ல, அதை ஒட்டி. தண்ணி வந்தா மொதல்ல அங்கதான் வரும்."

மாரிக்கண்ணு அவள் பக்கம் திரும்பாமலே அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"அது தலைக்கட்டு இல்லிங்க சார். கல்யாணமான ஆம்பள இருந்தாத்தான் தலைக்கட்டு. ஊர் வரி கட்டுறது அவன்தான். அந்த வீட்டு ஆம்பள செத்தாச்சு. கணக்கு முடிஞ்சிருச்சு."

"ஆம்பள செத்துட்டா கடல் அந்த வீட்டுப் பக்கம் வராதா?"

"மேடம் படிச்சவங்க. பேசுவாங்க." மேடம் என்பதை ஒரு மாதிரி இழுத்தார்.

"வரி குடுத்தாலும் பொம்பள கையால வாங்க மாட்டேங்குறீங்களே?"

"அது ஊர் வழக்கம். நானா எழுதுனேன்?"

உள்ளே ஓர் ஆடு கத்தியது. யாரோ அதட்டினார்கள்.

"காசியம்மா ஆட்டுக்கு உள்ள இடம் இருக்கு" என்றாள் தாமரைச்செல்வி. "அந்த வீட்டு ஆளுக்கு இல்ல. நல்லாருக்கு உங்க வழக்கம்!"

ராஜ்மோகன் குறுக்கிட்டார். "தலைவரே, அந்த வீட்டுல ஆள் இருக்கா, இல்லையா?"

"ஒத்தப் பொம்பள இருக்கு சார். புயலடிச்சா விட்டுட்டா போயிருவோம்? அக்கம்பக்கத்துல யாராச்சும் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவாங்க."

"போன புயலுக்கு யாரு இழுத்துட்டு வந்தா?" அவள் குரல் உயர்ந்தது. "எல்லாரும் வேன்ல ஏறிப் போயாச்சு. கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு, யாராச்சும் கதவத் தட்டுவாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தா, தண்ணிதான் வந்து தட்டுச்சு. வடிஞ்சப்புறமாவது இருக்கியா செத்தியான்னு கேட்டீங்களா?"

மாரிக்கண்ணு செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ராஜ்மோகனுக்குச் சங்கடமாகிவிட்டது. "சரிம்மா, சேத்துக்கலாம். ஆனா ஒத்திகைக்கே வராதவங்களை நான் எப்படிச் சேக்குறது? இவ்வளவு பேசுறீங்களே, வரும்போதே அந்தம்மாவையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"வந்து ரொம்ப நேரமாச்சு சார். அப்பா செத்ததுலேருந்து அந்த வீட்டுல நான் ஒருத்திதான்" என்ற தாமரைச்செல்வி, மாரிக்கண்ணுவின் பக்கம் திரும்பினாள்.

"என் பேரையும் கூப்பிடுங்க சித்தப்பா."