பிழையில்லாத சீட்டு

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். இங்கிலீஷ் வாத்தியாரான அப்பா போட்ட சட்டம். வேண்டியதை அம்மா எழுதுவாள், அவர் சிவப்புப் பேனாவால் திருத்தி மார்க் போடுவார். இருபது வருஷமாக அம்மா பாஸானதில்லை. அபாஸ்ட்ரஃபி குறியில்தான் எப்போதும் மாட்டிக்கொள்வாள்.

"ஒரு பொருள் யாரோடதுன்னு சொல்ற சின்னக் கோடு. அதை வைக்கக்கூடத் துப்பில்ல," என்று விருந்தாளிகளிடம் சீட்டைக் காட்டிச் சிரிப்பார். காய்ச்சலில் மாத்திரை கேட்டு அம்மா எழுதிய சீட்டுக்குப் பத்துக்கு மூன்று போட்டுவிட்டு, மாத்திரையை மறந்த மனிதர்.

இன்று சாயங்காலம் அவர் பள்ளியிலிருந்து வந்தபோது கதவில் ஒரு முழுத்தாள் ஒட்டியிருந்தது.

"டைப் வேற அடிச்சிருக்காளா மகாராணி?"

சீட்டில் என்ன இருக்கிறதென்று அப்பா படிப்பதில்லை. ஸ்கேலை வைத்து வரிவரியாகக் குறியை மட்டும் தேடுவார். மனைவியின் வீடு, சரி. மனைவியின் நகைகள், சரி. மனைவியின் கார், சரி. ஒன்பது குறிகளும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. அவர் முகம் சுருங்கியது.

"இது உங்கம்மா மூளையில்ல. யாரைப் பாத்துக் காப்பியடிச்சா?"

"காப்பியில்லப்பா. அவரே எழுதிக் குடுத்தது."

"எவன் அவன்?"

"அம்மாவோட வக்கீல்," என்றேன். "பதினஞ்சு நாள்ல உங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கார். மார்க் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா அம்மாகிட்ட சொல்லிடறேன்."